வீட்டில் முருகைத் தொட்டி: மட்டக்களப்பிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடல்நீரில் முருகைகளையும் (பவள உயிர்களையும்) மீன்களையும் வீட்டிலேயே வளர்க்கும் தொட்டியை, விலைகொடுத்து வாங்கும் உபகரணங்களை இயன்றவரை குறைத்து, கையால் செய்து அமைப்பது பற்றிய பதில்கள் இவை. கல்லடியில் உள்ள எனது வீட்டு முன்னறையில் இருக்கும் தொட்டியை வைத்தே எழுதுகிறேன். அதன் நீளம் 90 சென்ரிமீற்றர், அகலம் 45, உயரம் 45. கீழே உள்ள துணைத் தொட்டியையும் சேர்த்தால் ஏறத்தாழ 180 லீற்றர் நீர் சுற்றிவருகிறது. கணக்குகள் அனைத்தும் இந்த அளவுக்கே உரியவை.

பாசிக்குடாவிலோ காயங்கேணியிலோ ஒரு கல் எடுத்துவந்தால் என்ன?

எடுக்கக் கூடாது. அதிகமாகக் கேட்கப்படுவது இந்தக் கேள்விதான் என்பதால் இதை முதலிலேயே வைத்தேன். சுண்ணாம்பு எலும்புக்கூடு கட்டி வளரும் கல் முருகைகள் 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்டவை. கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதைக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் தனியாகத் தடைசெய்கிறது. காயங்கேணி 2019இல் கடல்சார் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டது. "செத்த கல்தானே, கரையில் கிடந்ததுதானே" என்பவர்களும் உண்டு. செத்த கல்லின் மேல்தான் அடுத்த தலைமுறை முருகை ஒட்டிக்கொள்கிறது. 1998இல் இந்து சமுத்திரம் சூடேறி முருகைகள் வெளிறி மடிந்த பிறகு, பல இடங்களில் மிஞ்சியது அந்த எலும்புக்கூடுதான். தொட்டிக்குத் தேவையான கல்லை நாமே செய்துகொள்ளலாம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

எந்த அளவுத் தொட்டியில் தொடங்குவது? கண்ணாடியை நானே ஒட்டலாமா?

சிறிய தொட்டி எளிது என்ற எண்ணம் தவறானது. 30 லீற்றர் நீர் ஒரே பகலில் சூடேறும், ஒரே பகலில் உவர்ப்பும் கூடும். 150 லீற்றருக்கு மேற்பட்ட தொட்டி நமது தவறுகளைச் சற்றுப் பொறுத்துக்கொள்ளும்.

மேலே சொன்ன அளவுக்கு 10 மில்லிமீற்றர் கண்ணாடி போதும். அளவு கொடுக்கும்போது பலர் தவறுவது பக்கக் கண்ணாடிகளில்தான். முன், பின் கண்ணாடிகள் 90க்கு 45 ஆக அடித்தட்டின் மேல் நிற்கும். பக்கக் கண்ணாடிகள் அவற்றின் இடையில் அமர்வதால் இரண்டு கண்ணாடிகளின் தடிப்பையும் கழிக்கவேண்டும், அதோடு இரு பக்கமும் பசைக்கென ஒரு மில்லிமீற்றர் வீதம் விடவேண்டும். ஆகவே அவற்றின் அகலம் 42.8 சென்ரிமீற்றர். நீர் வழிந்து கீழே இறங்குவதற்கான துளையைப் பின் கண்ணாடியில் ஒட்டுவதற்கு முன்பே கடையில் போட்டுக்கொள்ள வேண்டும்.

பூஞ்சைத் தடுப்பு மருந்து சேராத, வினாகிரி மணம் வீசும் சாதாரண சிலிக்கனே வேண்டியது. குளியலறைக்கென்று விற்கப்படும் வகையில் அந்த மருந்து இருக்கும், அது உயிர்களைக் கொல்லும். ஒட்டிய பின் ஒரு வாரம் தொடாமல் விட்டு, முற்றத்தில் வைத்து நன்னீர் நிரப்பி மூன்று நாள் பாருங்கள். நிரம்பிய தொட்டி கல்லும் நீருமாக 220 கிலோவைத் தாண்டும் என்பதால் தாங்கி உறுதியாக இருக்கவேண்டும். மேசன்மார் வைத்திருக்கும் நீர்மட்டக் குழாயால் நான்கு மூலைகளையும் சரிபார்த்து, இடையில் ஒரு ரெஜிபோம் தகட்டை விரித்துவிட்டால் போதும்.

கடல் பக்கத்தில் இருக்கிறதே, கடல்நீரையே ஊற்றலாமா?

ஊற்றலாம், அது நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய வசதி. ஆனால் எந்த மாதத்தில், எந்த இடத்தில் எடுத்த நீர் என்பதுதான் கேள்வி.

எனது முதலாவது தொட்டிக்கு நவம்பர் மாதத்தில், கிட்ட இருக்கிறதே என்று முகத்துவாரப் பக்கம் போய் எட்டுக் கான்களில் நீர் அள்ளிவந்தேன். கானுக்குள் பார்த்தபோது தெளிவாகத்தான் இருந்தது. வெள்ளை வாளியில் ஊற்றிய பிறகுதான் பிளேன்டீயில் தண்ணீர் கலந்தது போன்ற மெல்லிய பழுப்பு தெரிந்தது. நீரின் அடர்த்தியைக் கொண்டு உவர்ப்பைக் காட்டும் மிதவைமானியைப் போட்டால் 1.016 என்று காட்டியது. 1.025 இருக்கவேண்டிய இடத்தில் இது வாவி நீரும் மழை நீரும் கலந்த கடல். வடகீழ்ப் பருவ மழையோடு முகத்துவாரம் திறந்துவிட்டால், வயல் உரமும் ஊர்க் கழிவும் அந்த வழியாகவே கடலுக்குப் போகின்றன. எட்டுக் கானையும் திரும்பக் கொண்டுபோய் ஊற்றினேன்.

இப்போது மழைக்கு முன்னரே, அதாவது ஓகஸ்ட், செப்ரெம்பரில், மீன்பிடிக்கப் போகும் படகுக்காரரிடம் கான்களைக் கொடுத்து, கரை மங்கித் தெரியும் தூரத்தில் அள்ளச் சொல்கிறேன். எண்ணெய்ப் படலம் மேலே மிதப்பதால் கானின் வாயை நீருக்குள் அமிழ்த்தித் திறக்கவேண்டும். முன்பு மண்ணெண்ணெய் வைத்திருந்த கானை எத்தனை தரம் கழுவினாலும் சேர்க்கக் கூடாது. வந்த நீரைத் துணியில் வடித்து, மூடிய பரலில் இருட்டில் இரண்டு மூன்று கிழமை காற்றூட்டி வைத்தால், அதிலிருந்த நுண்ணுயிர்கள் பெரும்பாலும் மடிந்து அடியில் தங்கிவிடும். மேல் நீரை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆனையிறவு உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகாதா?

ஆகாது. உப்பளத்தில் பளிங்காக அள்ளப்படுவது பெரும்பாலும் சோடியம் குளோரைட்டு மட்டுமே. மக்னீசியம் முதலியவை மிஞ்சும் கசப்பு நீரோடு வெளியேற்றப்படுகின்றன. கறிக்கு அது நல்ல உப்பு. முருகைக்கோ லீற்றருக்கு ஏறத்தாழ 1,300 மில்லிகிராம் மக்னீசியமும் 400க்கு மேல் கல்சியமும் வேண்டும். கடல்நீர் கிடைக்காத மாதங்களுக்குத் தொட்டிக்கென்றே விற்கப்படும் கலவை உப்பு ஒரு பொதி கைவசம் இருக்கட்டும்.

உவர்ப்பைச் சரியாக அளப்பது எப்படி?

ஒளிமுறிவைக் கொண்டு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் மிதவைமானியைவிட நம்பகமானது. ஆனால் தூய நீரில் மட்டும் பூச்சியத்துக்குத் திருத்திவிட்டு நம்பிவிடாதீர்கள். சமையலறைத் தராசில் 36.5 கிராம் சாதாரண உப்பையும் 963.5 கிராம் வடித்த நீரையும் நிறுத்துக் கலந்தால், அந்தக் கரைசல் கருவியில் ஆயிரத்துக்கு 35 என்று காட்டவேண்டும். காட்டாவிட்டால் திருகாணியைத் திருப்பி 35க்கு வையுங்கள். கடையில் விற்கும் திருத்தக் கரைசல் செய்யும் வேலையும் இதுதான்.

கிணற்று நீரை எங்கே பயன்படுத்தலாம்?

கண்ணாடி கழுவவும் சீமெந்துக் கல் ஊறவைக்கவும். ஆவியாகிக் குறையும் நீரை ஈடுசெய்ய அது வேண்டாம். மணல் நிலத்தில் மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே வளவில் இருக்கும்போது நைத்திரேற்று கிணற்றுக்கு வந்துசேர்வது இயல்பே. ஆவியாவது நீர் மட்டுமே, அதிலிருந்த பொருள் முழுவதும் தொட்டியிலேயே தேங்கும். எதிர்ச்சவ்வூடு பரவல் முறையில் வடித்த, ஆர்.ஓ. என்று நாம் சொல்லும் நீரே சிறந்தது. மழைநீரைப் பிடிப்பவர்கள் முதல் அரை மணி நேர மழையை விட்டுவிட்டு ஓட்டுக் கூரையிலிருந்து பிடிக்கவேண்டும். தகரக் கூரை நீரில் துத்தநாகம் இருக்கும்.

கல்லை எப்படிச் செய்வது?

ஒரு பங்கு சீமெந்து, மூன்று பங்கு நொறுக்கிய சிப்பி ஓடு, ஒரு பங்கு கல்லுப்பு. வெள்ளைச் சீமெந்து கிடைத்தால் நல்லது. நீரைக் குறைவாக விட்டு, புட்டுக்குக் குழைக்கும் பதத்தைவிடச் சற்றே ஈரமாக இருக்கும்படி பிசையுங்கள். நீர் கூடினால் உப்பு முன்னதாகவே கரைந்து துளைகள் அடைபட்டுவிடும். ஈர மணலில் கையால் குழி தோண்டி, அங்குமிங்கும் மணல் உருண்டைகளை வைத்து, அதன்மேல் கலவையைக் கொட்டினால், உருண்டை இருந்த இடம் பின்னர் குகையாகும். இரண்டு நாள் ஈரச் சாக்கால் மூடிவைத்து எடுத்து, நீரில் போடும்போது உப்புக் கரைந்து கல்லெங்கும் சிறு துளைகள் விழும். பற்றீரியாக்கள் குடியிருக்கப்போவது அந்தத் துளைகளில்தான்.

இனி வருவது பொறுமைக்கான பகுதி. சீமெந்திலிருந்து சுண்ணாம்பு கசிந்துகொண்டே இருப்பதால் நீரின் பி.எச். 11, 12 வரை ஏறும். ஆறு முதல் எட்டுக் கிழமை, இரண்டு நாளுக்கொருமுறை நீரை மாற்றி ஊறவிட்டு, மாற்றாத நீரில் ஒரு வாரம் கிடந்த பிறகும் பி.எச். 8.5க்குக் கீழே நின்றால் மட்டுமே கல்லைத் தொட்டிக்குள் இறக்கலாம். அவசரமென்றால் மெருகிடாத, உடைந்த மண்சட்டிகளை அடுக்கலாம். அவற்றுக்கு ஊறவைக்கும் வேலை இல்லை, பார்வைக்கு அழகும் இல்லை.

அடியில் மணல் போடவேண்டுமா?

தேவையில்லை. நமது கடற்கரை மணலுக்குள் ஒரு காந்தத்தை விட்டுப் பாருங்கள், கறுப்புத் துகள்கள் மயிர்போல் ஒட்டிக்கொண்டு வரும். பம்பியின் உள்ளே சுழல்வதும் காந்தமே என்பதால் இந்தத் துகள்கள் அங்கே போய்ச் சேர்ந்து அதைத் தேய்த்துவிடும்.

மேல் தொட்டியிலிருந்து கீழே நீர் இறங்கி மீண்டும் ஏறுகிறதே, மின்சாரம் நின்றால் வீடு நனையாதா?

கணக்குப் பார்க்காவிட்டால் நிச்சயம் நனையும். நான் பார்க்காத ஓரிரவில் நனைந்தது. பம்பி நின்றதும், நீரை மேலே கொண்டுபோகும் குழாயின் வாய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அந்த மட்டம் வரைக்கும் நீர் அதே குழாய்வழி பின்னோக்கி இறங்கும். 90க்கு 45 தொட்டியில் ஒரு சென்ரிமீற்றர் நீர் என்பது நான்கு லீற்றர். எனது குழாய்வாய் பத்துச் சென்ரிமீற்றர் ஆழத்தில் இருந்தது. நாற்பது லீற்றர் நீர் கீழ்த்தொட்டியை நிரப்பி, வழிந்து, அரிசி மூடையின் அடிவரை போயிருந்தது. அதிகாலையில் அம்மாதான் முதலில் கால் வைத்தார்.

இப்போது குழாய்வாய் நீர்மட்டத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் கீழே மட்டும் இருக்கிறது. காற்று நுழைந்து ஓட்டத்தை அறுக்கவென்று குழாயில் சிறு துளை போடுவதும் உண்டு. ஆனால் அதைப் பாசியோ நத்தையோ அடைத்துவிடும், ஆகவே துளையை மட்டும் நம்பவேண்டாம். பம்பியை வேண்டுமென்றே நிறுத்தி, கீழ்த்தொட்டியில் நீர் ஏறிநிற்கும் மட்டத்தைப் பாருங்கள். அது விளிம்பைத் தொடாதபடி, ஓட்டத்தின்போது இருக்கவேண்டிய மட்டத்தை ஒட்டுநாடாவால் குறித்துவைத்து, அதற்குமேல் ஒருபோதும் நிரப்பாதீர்கள். குழாய், எல்போ எல்லாம் சாதாரண பி.வி.சி.யாக இருக்கலாம். பித்தளைத் திறப்பு எங்கும் வரக்கூடாது, அதிலிருந்து கசியும் செம்பு முதுகெலும்பற்ற உயிர்களுக்கு நஞ்சு.

நுரைபிரிக்கும் ஸ்கிம்மரை வீட்டில் செய்யமுடியுமா? அது கட்டாயமா?

கட்டாயம் என்று சொல்லமாட்டேன். 1961இலேயே ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், இயற்கைக் கடல்நீர், நுண்ணுயிர்கள் குடியேறிய ‘உயிருள்ள கல்’, சூரிய ஒளி, காற்றுக் குமிழி ஆகியவற்றை மட்டும் கொண்டு முருகைகளை வளர்த்த முறையை அமெரிக்க மீன்வளர்ப்பு இதழொன்றில் எழுதினார். நம்மைப் போலவே வெப்பமண்டலக் கடலோரத்தில் இருந்தவர் அவர். மீன் குறைவாக இருந்தால் அந்த வழியே போதும். மீன் கூடினால் ஸ்கிம்மர் உதவும்.

செய்வது எளிது. 110 மில்லிமீற்றர் பி.வி.சி. குழாயில் முக்கால் மீற்றர் வெட்டி, அடியை மூடி, மேலிருந்து தொட்டி நீர் இறங்கவும் கீழிருந்து நுண்குமிழிகள் ஏறவும் வழிசெய்யுங்கள். மீனின் கழிவிலும் உணவின் எச்சத்திலும் உள்ள கரிமப் பொருள்கள் குமிழியின் தோலில் ஒட்டிக்கொண்டு மேலேறும். உச்சியில் சோடாப் போத்தலின் கழுத்துப் பகுதியைப் பொருத்தினால், ஒடுங்கிய வழியில் நுரை வரண்டு ஏறி வெளிக்கிண்ணத்தில் விழும். குமிழிக்கு மரத்தாலான காற்றுக்கட்டை சாதாரண காற்றுக்கல்லைவிட நுண்மையானது, ஆனால் மாதத்துக்கொன்று மாற்றவேண்டும்.

இதைச் செய்துமுடித்த பலர் நன்னீரில் சோதித்துவிட்டு, "நுரையே வரவில்லை, எங்கோ பிழை" என்று பிரித்துப் போடுகிறார்கள். நன்னீரில் நுரை வராது. அதில் சிறு குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிவிடும். கடல்நீரில் உப்பு அவ்வாறு சேரவிடாமல் தடுப்பதால்தான் பால்போன்ற வெண்ணிறக் குமிழிக்கூட்டம் உண்டாகிறது. கடல்நீரிலும் முதல் ஒன்றிரண்டு கிழமை எதுவும் வராமலிருக்கலாம். பிறகு கிண்ணத்தில் கடும் சாயத் தேநீர் நிறத்தில் ஒரு திரவம் சேரும். அதன் நாற்றத்தை முகர்ந்தவர்களுக்கு ஸ்கிம்மரின் தேவை விளங்கும்.

விளக்கை எப்படி அமைப்பது?

முருகையின் தசைக்குள் வாழும் ஒற்றைக்கலப் பாசிகளே ஒளியில் உணவு செய்து அதற்குக் கொடுக்கின்றன, ஆகவே இங்கு ஒளிதான் சோறு. மூன்று வோற்று எல்.ஈ.டி.கள் 24 போதும். பாதி 450 நனோமீற்றர் அளவிலான நீலம், பாதி குளிர்வெள்ளை. அலுமினியத் தகட்டில் வெப்பப்பசையோடு பொருத்தி, 12 வீதம் இரண்டு தொடராக இணைத்து, ஒவ்வொன்றுக்கும் 700 மில்லிஅம்பியர் மாறா மின்னோட்டக் கருவியைக் கொடுக்கவும். 24ஐயும் ஒரே தொடராக்கினால் மின்னழுத்தம் 75 வோல்ற்றைத் தாண்டி, உப்புநீருக்கு மேலே ஆபத்தாகும். ட்ரிப் சுவிட்ச் இல்லாத இணைப்பில் எந்தக் கருவியையும் செருகாதீர்கள். ஒவ்வொரு வயரும் செருகிக்குப் போகுமுன் ஒருமுறை கீழே தொங்கி வளைந்து ஏறட்டும், அப்போதுதான் வழியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். முதல் நாட்களில் நான்கு மணி நேரம் மட்டும் ஏற்றி, மெல்லக் கூட்டுங்கள்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் நீர் சூடேறாதா?

ஏறும். 25 முதல் 28 பாகை செல்சியஸ் வரை பாதுகாப்பு. 30ஐத் தாண்டி நின்றால் முருகை தன் பாசிகளை வெளியேற்றி வெளிறத் தொடங்கும். குளிரூட்டியின் விலையைக் கேட்டு மலைத்துப் போகவேண்டாம், கணினிக்குள் இருக்கும் 12 வோல்ற்று விசிறிகள் இரண்டை நீர்ப்பரப்பைச் சாய்வாகப் பார்க்கும்படி பொருத்துங்கள். ஒரு லீற்றர் நீர் ஆவியாகும்போது எடுத்துச்செல்லும் வெப்பம், 180 லீற்றர் கடல்நீரை மூன்று பாகைக்குச் சற்றுக் கூடுதலாகக் குளிர்விக்கப் போதுமானது. அறையின் வெப்பம் திரும்ப ஏறுவதால் முழுப்பயனும் கிடைக்காது. ஆயினும் கச்சான் உலர்ந்த காற்று என்பதால், நம்மை வாட்டும் அதே காற்றில்தான் விசிறி நன்றாக வேலைசெய்கிறது. நாளொன்றுக்கு ஐந்து ஆறு லீற்றர் நன்னீர் ஊற்ற ஆயத்தமாக இருங்கள். மலசலகூடத் தாங்கியின் பிளாஸ்ரிக் மிதவைத் திறப்பைப் புதிதாக ஒன்று வாங்கிப் பொருத்தினால் அது தானாகவே நிரப்பும். ஆனால் அதன் பின்னால் இருக்கும் கொள்கலன் பத்து லீற்றருக்கு மேற்படக் கூடாது. திறப்பு இறுகிக்கொண்டாலும் கெடுதி பத்து லீற்றரோடு நிற்கும்.

மின்வெட்டு நீண்டால்?

முதலில் தீர்வது நீரிலுள்ள ஒட்சிசன்தான். விளக்கு இல்லாமல் இரண்டு நாள் இருக்கலாம், அசைவில்லாமல் சில மணி நேரம்கூட ஆபத்து. 60 அம்பியர்-மணி கார் பற்றரி ஒன்றில் பாதியை மட்டும் பயன்படுத்தினாலும், பத்து வோற்று நேர்மின் பம்பி ஒன்றரை நாள் ஓடும். 2022இன் மின்வெட்டு மாதங்களில் எனது தொட்டியைக் காப்பாற்றியது இந்த ஏற்பாடுதான். எதுவுமே இல்லையென்றால் ஒரு குவளையால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள், அரை மணிக்கு ஒருமுறை சில நிமிடம்.

கல்சியமும் காரத்தன்மையும் குறையும்போது என்ன சேர்ப்பது?

கல் எலும்புக்கூடு கட்டாத மென்முருகைகள் மட்டுமென்றால் நீரில் பத்தில் ஒரு பங்கை அவ்வப்போது மாற்றுவதே போதும். கல் முருகை வளரத் தொடங்கினால் காரத்தன்மையை, அதை அளக்கும் அலகான டி.கே.எச்.இல் 8 முதல் 9 அளவில் நிறுத்தவேண்டும். 180 லீற்றரில் அதை ஒரு அலகு உயர்த்த, ஐந்தரைக் கிராம் அப்பச்சோடாவை நன்னீரில் கரைத்து மெதுவாக ஊற்றலாம். ஒரே நாளில் அதற்குமேல் வேண்டாம்.

மற்றது சுண்ணாம்பு நீர். தூய கல்சியம் ஐதரொட்சைட்டை நன்னீரில் கலக்கித் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் இரவில் துளித்துளியாக விட்டால் கல்சியமும் காரமும் ஒருங்கே கிடைக்கும். வெற்றிலைச் சுண்ணாம்பில் வேறு என்ன கலந்திருக்கும் என்று தெரியாததால் அதைத் தவிர்க்கிறேன். ஒருகாலத்தில் நமது கரையோரத்திலும் முருகைக்கல்லைச் சூளையில் சுட்டே சுண்ணாம்பு எடுத்தார்கள். வாளியில் சுண்ணாம்பு கரைக்கும்போதெல்லாம் அந்த நினைவு எனக்கு வருவதுண்டு. இந்த நீரின் பி.எச். 12ஐத் தாண்டும், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உயிர்களை எப்போது விடலாம்? எவற்றை?

கல்லை அடுக்கி, நீர் ஓடத் தொடங்கியதும் ஒரு பச்சை இறாலைத் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். அது அழுகி அமோனியா எழும். ஒரு வகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக்கும், இன்னொரு வகை நைத்திரேற்றாக்கும். அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியத்துக்கு வர நான்கு முதல் ஆறு கிழமை ஆகலாம், நாமே செய்த கல்லில் அதற்கும் கூடலாம். பிறகு பழுப்புப் பாசி வந்து போகும். அதன்பின் நத்தைகள், ஒரு மாதம் கழித்து மென்முருகை ஒன்று, கடைசியாக ஒரு சோடி கோமாளி மீன். முருகையை உரிமம் பெற்ற விற்பனையாளரிடம், தொட்டியில் வெட்டி வளர்த்த துண்டாக மட்டுமே வாங்குங்கள். பொத்தான்போல் கூட்டமாக விரியும் பாலித்தோவா வகையில் கொடிய நஞ்சு இருக்கலாம். கையுறையில்லாமல் தொடவோ, அது ஒட்டிய கல்லை வெந்நீரில் போடவோ கூடாது.

டெங்குப் புகை அடிக்க வருகிறார்கள், தொட்டியை என்ன செய்வது?

காற்றுப் பம்பியை உடனே நிறுத்துங்கள். அது அறைக் காற்றை நேரே நீருக்குள் தள்ளும். ஸ்கிம்மருக்கும் அதுவே. நீர்ப் பம்பி ஓடட்டும். தொட்டியின் மேல் ஈரத்துணி விரித்து, யன்னல்களை அடைத்து, புகை அடங்கி வீட்டைக் காற்றாட விட்ட பிறகே எல்லாவற்றையும் திறக்கவும். கொசு மருந்துகள் பலவும் இறால், நண்டு இனங்களைத்தான் முதலில் கொல்லும். கரப்பானுக்கு அடிக்கும் ஸ்பிரேக்கும் இதே விதி.

கலியாண வீடு, கோயில் திருவிழா என்று நான்கைந்து நாள் வெளியூர் போனால்?

உணவு போடும் பொறுப்பை யாரிடமும் டப்பாவோடு ஒப்படைக்காதீர்கள், அன்பு மிகுதியால் நிறையப் போட்டுவிடுவார்கள். நான் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சிட்டிகை வீதம் கடதாசியில் மடித்து, திங்கள், செவ்வாய் என்று எழுதிவைத்துவிட்டு, டப்பாவைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறேன். பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை, மீன்கள் பசியோடு பார்க்கின்றன என்று வெள்ளிக்கிழமைப் பொட்டலத்தைப் புதனிலேயே பிரித்துவிட்டார். வெள்ளிக்கிழமை அவை பட்டினி கிடந்தன, ஒன்றும் ஆகவில்லை.